விழுந்த இடத்து மண்

ஆலங்காயம் ரோட்டில் புதுத் தியேட்டர் திறந்து இன்னும் ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. அதற்குள் மலைமேல் அதைப் பார்க்காத வீட்டை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று ஸ்கிரீன். உள்ளே எந்நேரமும் மார்கழிக் குளிர். படி ஏறவே வேண்டாம், படியே ஆளைத் தூக்கிக்கொண்டு மேலே போகும். பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்கிக் கால் தேய்ந்த ஜனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? புளி விற்ற கையோடு ஜீப் பிடித்துக் குடும்பம் குடும்பமாகப் போய் வந்தார்கள். வந்தவர்கள் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேச வேண்டுமே, கிடையாது. குழாயடியில் கை நீட்டினால் தண்ணீர் தானாக வருவதைப் பற்றித்தான் பேச்செல்லாம்.

மாணிக்கம்மாள் வீட்டில் மட்டும் யாரும் போகவில்லை. அவர்களை யாரும் கூப்பிடவும் இல்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள்? அவளுடைய ஒரே மகன் இளவரசன் அந்தத் தியேட்டர் கட்டுகிற வேலைக்குப் போய்த்தான் பிணமாகத் திரும்பி வந்தான்.

ஆனால் அவன் செத்தது தியேட்டரில் இல்லை என்றுதான் எல்லோருக்கும் சொல்லப்பட்டது. மலைப் பையன்களைக் கட்டட வேலைக்குக் கூட்டிப் போகிற ராஜாக்கண்ணு மேஸ்திரி வந்து சொன்னான். அவனும் மலை ஆள்தான், அடுத்த ஊர். சாமான் ஏற்றி வரக் கணியம்பாடிக்கு அனுப்பியிருந்தேன், ரோட்டைத் தாண்டும்போது ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது என்றான். சொல்லும்போதே குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுகிறவனை யார் சந்தேகப்படுவார்கள்? பொட்டலமாகக் கட்டிக் கொடுத்த உடம்பை வாங்கிப் புதைத்தார்கள்.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. வெளியில் செத்தவனுக்கு உடம்பு மட்டும் வந்து சேர்ந்தால் போதாது. உசுரு விழுந்த இடத்திலேயே வழி தெரியாமல் நின்றுகொண்டிருக்கும். வீட்டு ஆள் ஒருவர் அங்கே போய்ச் சாமையை இறைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, அந்த இடத்து மண்ணைக் கொஞ்சம் எடுத்து வர வேண்டும். எடுத்த பிறகு வாய் திறக்கக் கூடாது. யார் என்ன கேட்டாலும் வீடு வந்து சேரும்வரை ஒரு சொல் கூடாது. பேசிவிட்டால் கூட வருகிற உசுரு பழைய இடத்துக்கே திரும்பிவிடும், அப்புறம் எத்தனை முறை கூப்பிட்டாலும் வராது. வீட்டு வாசலில் மண்ணை வைத்து, மேலே சாமை தூவிச் சேவலை விடுவார்கள். சேவல் கொத்தினால் ஆள் வந்துவிட்டான் என்று அர்த்தம். அதன் பிறகுதான் செத்தவர்களுக்கு நட்டிருக்கிற கல் வரிசையில் அவனுக்கும் ஒரு கல்.

கணியம்பாடி ரோட்டுக்குப் போய் மண் எடுத்து வந்தவர் இளவரசனின் அப்பா சின்னதம்பி. சேவல் கிட்டே வந்தது, கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது, எருக்குழிப் பக்கம் போய்விட்டது. தீனி போடாமல் கட்டி வைத்து மறுநாளும் விட்டார்கள். சீண்டவில்லை. ஊர் வாய் சும்மா இருக்குமா? வழியில் வாயைத் திறந்திருப்பான் என்றது. பீடிக்கு நெருப்பு கேட்டிருப்பான் என்று ஒருத்தன், பஸ்ஸில் இடம் கேட்டுச் சண்டை போட்டிருப்பான் என்று இன்னொருத்தன். சின்னதம்பி கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். கட்டினவளே நம்பவில்லை. "பெத்த புள்ளைக்காக ஒரு பொழுது வாய மூடிகினு இருக்க முடியல உன்னால" என்று மாணிக்கம்மாள் பத்துப் பேர் நடுவில் கேட்டுவிட்டாள். அன்றைக்கு மூடிய வாயை அந்த மனிதர் இன்றுவரை யாரிடமும் திறக்கவில்லை. சோறு வைத்தால் தின்பார், மாட்டை ஓட்டிக்கொண்டு போவார், அவ்வளவுதான்.

விஷயம் வெளிவந்தது குணசீலனால். இளவரசனோடு தியேட்டரில் வேலை செய்தவன் அவன். புளி உலுக்கும்போது இளவரசனின் பெண்சாதி நதியா கீழே பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் மரத்திலிருந்து இறங்கி அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"அண்ணி, ஊர்ல மாமாவப் பேசறதக் கேக்க முடியல. அண்ணன் ரோட்ல சாவல. தியேட்டருக்குள்ளதான். மேல கூரைக்கு அட்டை மாட்டிகினு இருந்தாரு, சாரம் சரிஞ்சுபோச்சு."

நதியாவின் கையிலிருந்த புளி அப்படியே நின்றது. "எந்த இடம்?"

"ரெண்டாவது ஸ்கிரீன். திரைக்குக் கீழ, வலது கைப்பக்கம், செவப்பு லைட்டு போட்ட வாசலுக்குக் கிட்ட. என் பேரச் சொல்லிடாதீங்க அண்ணி. இன்னும் அந்த மேஸ்திரிகிட்டதான் வேலைக்குப் போறேன்."

சாயங்காலம் நதியா சொல்லச் சொல்ல மாணிக்கம்மாள் அழவில்லை. எழுந்து போய்க் கொட்டகையில் மாட்டுக்குத் தட்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பக்கத்தில் நின்றாள். மன்னித்துவிடு என்று சொல்ல அவர்கள் பேச்சில் வழக்கம் இல்லை. "நாளைக்கு நான் போறேன். உன்ன அவனுங்களுக்கு அடையாளம் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். சின்னதம்பி தலையை ஆட்டினார். அவள் மனசுக்குள் ஒன்றைத்தான் முடிந்துகொண்டாள்: மகனைக் கூட்டி வருகிறேன், சேவல் கொத்தட்டும், இந்த மனுஷனும் வாயைத் திறக்கட்டும்.

மறுநாள் பகல் காட்சிக்கு மாமியாரும் மருமகளும் தியேட்டர் வாசலில் நின்றார்கள். பீரோவில் இருந்த நல்ல சேலையைக் கட்டியிருந்தார்கள். டிக்கெட் கொடுக்கிற பெண், முன் வரிசை வேண்டும் என்று கேட்டதும் விசித்திரமாகப் பார்த்தாள்.

"முன்னாடி கழுத்து வலிக்கும்மா. பின்னாடி சீட்டு காலியாத்தான் இருக்குது."

"பரவால்லங்க, கண்ணு சரியாத் தெரியாது எங்க அத்தைக்கு" என்றாள் நதியா.

உள்ளே நுழைகிற இடத்தில் நீலச் சட்டை போட்ட காவல்காரப் பெண், மாணிக்கம்மாள் மடியில் இருந்த துணி முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னாது இது?"

"சாமை" என்றாள் மாணிக்கம்மாள்.

"வெளித் தீனி உள்ள விடமாட்டாங்கம்மா."

"இது திங்கறதுக்கு இல்லங்க."

"திங்காததை எதுக்கு சினிமாவுக்குத் தூக்கிட்டு வர்றீங்க?" என்று சிரித்தாள். பொல்லாதவள் இல்லை, அவளுக்கு இட்ட வேலை அது. "இங்க வெச்சிட்டுப் போங்க. போம்போது வாங்கிக்குங்க."

முடிச்சை அவிழ்த்துப் பார்ப்பதுபோல மாணிக்கம்மாள் உள்ளே கையை விட்டாள். வியர்த்த உள்ளங்கையில் ஒட்டியது எவ்வளவோ அவ்வளவை மூடிக்கொண்டு மீதியை மேசைமேல் வைத்தாள். களைக்கொத்தி எடுத்து வரலாமா என்று காலையில் யோசித்தது நினைவுக்கு வந்தது. நல்லவேளை, எடுத்து வரவில்லை.

நகர்கிற படி, கண்ணாடி, சோளப்பொரி வாசனை, சுவர் முழுக்க முகங்கள். எதையும் அவள் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். பார்த்தாள். இதில் எந்தச் சுவரை என் பிள்ளை பூசியிருப்பான், எந்த விளக்கை மாட்டியிருப்பான் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். சித்தாள் வேலைக்கு வந்தவன் மேலே ஏறுகிற வேலையையும் கற்றுக்கொண்டதாகப் பெருமையாகச் சொல்லியிருந்தான். நல்லா கத்துக்கோ சாமி என்று அவள்தான் வாழ்த்தி அனுப்பினாள்.

ரெண்டாவது ஸ்கிரீனில் பாதிகூட ஆள் இல்லை. இருட்டில் சிவப்பு விளக்கு மட்டும் வலது கைப்பக்கம் எரிந்தது. குணசீலன் சொன்னது சொன்னபடி. படம் ஆரம்பித்துச் சண்டை வருகிறவரை பொறுத்தாள். சத்தம் காதைப் பிளந்தபோது சீட்டிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்தாள், அப்படியே நகர்ந்து விளக்கடிக்குப் போனாள். நதியா பின்னாலேயே வந்து சேலையை விரித்து மறைத்துக்கொண்டாள்.

கீழே மண் ஏது? மெத்தென்று சிவப்புக் கம்பளம். ஓரத்தில் நகத்தை விட்டு நெம்பினாள். பசை விட்டுக் கிளம்பியது. அடியில் சிமெண்டுத் தளம். நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், நகம்தான் ஒடிந்தது. பிறகு கால்விரலிலிருந்து ஒரு மெட்டியைக் கழற்றினாள்.

"அத்த, மாமா உசுரோட இருக்கும்போது அதக் கழட்டலாமா?" என்று நதியா காதில் கேட்டாள்.

"அவரு உசுரோடயா இருக்காரு?" என்றாள் மாணிக்கம்மாள்.

அவசரத்தில் பூசிய தளம். மெட்டி விளிம்பு பட்டதும் மேல்பூச்சு விட்டது, பிறகு மணல் மணலாக உதிர்ந்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாமையை அதன்மேல் தட்டினாள். குனிந்து, வாயைத் தரையோடு வைத்து, "இளவரசு, வாடா சாமி, வூட்டுக்குப் போலாம்" என்று கூப்பிட்டாள். தலைக்குமேலே திரையில் ஒருத்தன் ஏழெட்டு மாடி உயரத்திலிருந்து விழுந்து, எழுந்து, சட்டைக் காலரைத் தட்டிவிட்டுக்கொண்டான். ஜனம் விசிலடித்தது.

உதிர்ந்ததை அவள் கையில் கூட்டி எடுத்த நேரம் டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது.

"அம்மா, இன்னா பண்றீங்க அங்க?"

எங்கேயோ இருக்கிற கேமராவில் பார்த்திருக்கிறார்கள். கையை விரிக்கச் சொல்வார்கள், தட்டிவிடச் சொல்வார்கள். மாணிக்கம்மாள் யோசிக்கவே இல்லை. கையில் இருந்ததை வாயில் போட்டு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"அத்தையோட மெட்டி வுழுந்துடுச்சி, தேடறோம்" என்றாள் நதியா. டார்ச் வெளிச்சம் பெயர்ந்து கிடந்த கம்பளத்தைக் காட்டியது. அதற்குமேல் டார்ச் பிடித்திருந்த பையன் எதுவும் கேட்கவில்லை, இருவரையும் வெளியே கூட்டிப்போனான்.

கழுத்துப் பட்டையில் அடையாள அட்டை மாட்டிய மேனேஜர் வந்தான். சின்ன வயசு, பேச்சு மட்டும் பெரிசு. கம்பளம் என்ன விலை தெரியுமா, போலீஸைக் கூப்பிடட்டுமா என்றான். மாணிக்கம்மாள் நின்றாள். சிமெண்டு நாக்கைச் சுட்டது, எச்சில் ஊறி ஊறி மணல் பல்லில் நெறிந்தது. விழுங்கிவிடக் கூடாதே என்ற ஒரே பயம்தான் அவளுக்கு.

"இன்னாம்மா, வாயில கொழுக்கட்டையா? எந்த ஊரு?"

"மலைங்க" என்றாள் நதியா. "அவங்களுக்குப் பேச வராதுங்க."

"மலைன்னா நம்ம ராஜாக்கண்ணக் கூப்புடுடா" என்றான் மேனேஜர். தியேட்டரில் ஒழுகினது உடைந்தது எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற வேலையை ராஜாக்கண்ணுவுக்கே கொடுத்து வைத்திருந்தார்கள். சும்மா கொடுப்பார்களா?

அவன் ஓட்டமாக வந்தான். இரண்டு பேரையும் பார்த்ததும் நடை தளர்ந்துவிட்டது. "தெரிஞ்சவங்கதான் சார். கம்பளத்த நான் ஒட்டிடறேன், நீங்க போங்க" என்று மேனேஜரை அனுப்பிவிட்டு, அவர்களைக் கண்ணாடிக் கதவுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனான்.

"யாரு சொன்னதுக்கா? வாயத் தொறந்து சொல்லு. எவன் சொன்னான்?"

மாணிக்கம்மாள் அவனைப் பார்த்தாள். உப்பியிருந்த கன்னத்தையும் இறுகிய உதட்டையும், உதட்டோரத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிறத்தையும் அவன் பார்த்தான். கீழ்நாட்டான் யாராவது இருந்தால் ஒன்றும் புரிந்திருக்காது. இவன் மலையில் பிறந்தவன், இவனுடைய பாட்டனுக்கும் அப்படி மண் வந்துதான் கல் நட்டார்கள். ராஜாக்கண்ணுவுக்குப் புரிந்துவிட்டது. தானே போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து பிடித்தான்.

"போக்கா. நேரா பஸ்ஸுக்குப் போ. நான் எதையும் பாக்கல."

மாணிக்கம்மாள் நகர்ந்தாள். பத்தடி நடந்தால் ரோடு. அங்கிருந்து பஸ், மலை, வீடு, சேவல். வாயை மூடிக்கொண்டே போனால் போதும். நதியாதான் நகரவில்லை.

"மேஸ்திரி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். அவரு வுழுந்ததும் போய்ட்டாரா? கஷ்டப்படலதான?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த ஆள். அவ்வளவு பொய் சொன்னவனுக்கு இன்னொன்று பாரமா? அந்த நேரம் பார்த்து அவனுக்கு மனசாட்சி வந்து தொலைத்தது.

"இல்லம்மா" என்றான். "காலைல வுழுந்தான். பொழுது சாயறவரைக்கும் உசுரு இருந்துச்சி. அன்னைக்கு முதலாளி வூட்டு ஆளுங்கல்லாம் தியேட்டரச் சுத்திப் பாக்க வந்திருந்தாங்க. அவங்க போறவரைக்கும் வெளிய தூக்கக் கூடாதுன்னுட்டாங்க. தார்ப்பாய் போட்டு மூடி வெச்சோம். தண்ணி கேட்டான், குடுத்தேன். அம்மாக்கு போன் போடுன்னான். போடறேன்டான்னு சொன்னேன். போடல."

நதியா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கம்மாள் திறந்த கதவில் நின்றாள். அன்றைக்கு அவள் வீட்டில்தான் இருந்தாள். போன் பக்கத்திலேயேதான் இருந்தது. கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்நேரம் இடைவேளை விட்டார்கள். கதவுகள் திறந்து ஜனம் கசகசவென்று வெளியே வந்தது. குழந்தைகள், பெரியவர்கள், கையில் போன், வாயில் சிரிப்பு. அவர்கள் சற்றுமுன் கால் நீட்டி உட்கார்ந்திருந்த இடத்தில்தான் தார்ப்பாய்க்கு அடியில் அவன் கிடந்திருக்கிறான். இவர்களுக்குத் தெரியாது. இவள் வாயை மூடிக்கொண்டு போய்விட்டால் எப்போதும் தெரியாது. பேசினாலோ, மகன் வீட்டுக்கு வரமாட்டான். இனி எந்தச் சேவலும் கொத்தாது. அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கதவிலிருந்து திரும்பினாள். வாயில் இருந்ததை உள்ளங்கையில் துப்பினாள். சிமெண்டும் எச்சிலும் கொஞ்சம் ரத்தமும்.

"அக்கா, வேணாங்க்கா" என்று ராஜாக்கண்ணு கையைப் பிடித்தான். உதறினாள்.

"எல்லாரும் நில்லுங்க" என்றாள். கத்தவில்லை. வெந்துபோன நாக்கு, சத்தமும் அதிகம் வரவில்லை. "எம் புள்ள பேரு இளவரசன். இந்தத் தியேட்டர்லதான் வுழுந்து செத்தான். ரோட்ல இல்ல, இதோ இந்த ஹாலுக்குள்ள. பகல் முழுக்க உசுரோட மூடி வெச்சிருந்தாங்க. நான் அவன் அம்மா. உங்களுக்குத் தெரியணும்னு சொல்றேன்."

ஜனம் நின்றது, அதைச் சொல்ல வேண்டும். நின்று பார்த்தது. ஒருத்தன் போனைத் தூக்கிப் பிடித்தான். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். "படத்துக்கு எதுனா விளம்பரமா?" என்று ஒருத்தன் பக்கத்திலிருந்தவனைக் கேட்டான். அவன் தெரியாது என்று உதட்டைப் பிதுக்கினான். யாராவது ஒருத்தர், ஐயோ, எப்பம்மா என்று கேட்பார் என்று அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மணி அடித்தது. சோளப்பொரி வாங்கியவர்களும் வாங்காதவர்களும் உள்ளே போனார்கள். கதவு மூடிக்கொண்டது.

அதன் பிறகு வெளியே கொண்டுவந்து விட்டார்கள். கையைப் பிடித்துத் தள்ளியவர்களில் அந்த நீலச் சட்டைப் பெண்ணும் ஒருத்தி. அவள் மட்டும் ஓடிப்போய்ச் சாமை முடிச்சை எடுத்து வந்து மாணிக்கம்மாள் மடியில் வைத்தாள்.

வண்டி நிறுத்துகிற இடத்து ஓரத்தில் மாணிக்கம்மாள் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் இருந்ததைச் சிமெண்டுக் கல்மேல் உருட்டி வைத்தாள். முடிச்சை அவிழ்த்து இருந்த சாமை முழுவதையும் அதன்மேல் கொட்டினாள்.

"அதான் பேசிட்டியே அத்த. இனிமே எதுக்கு இது?" என்றாள் நதியா.

"தண்ணி கேட்டவன் சோறு தின்னிருக்க மாட்டான்" என்றாள் மாணிக்கம்மாள். "இங்கியேதான் இருக்கப்போறான்னா வெறும் வயித்தோட இருக்கணுமா?"

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு டீக்கடை. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஒரு செம்பட்டைக் கோழி தலையைத் தூக்கிப் பார்த்தது. வண்டி ஒன்று போகும்வரை நின்றது. பிறகு ரோட்டைத் தாண்டி, நிறுத்தி வைத்திருந்த பைக்குகளுக்கு நடுவே புகுந்து நேராக வந்தது. யாரோ கையில் பிடித்துக் கூட்டி வந்த மாதிரி. கழுத்தைச் சாய்க்கவில்லை, யோசிக்கவில்லை. வந்ததும் கொத்த ஆரம்பித்தது.

நதியா வாயைப் பொத்திக்கொண்டாள். மாணிக்கம்மாள் கோழியைப் பார்த்தபடியே இருந்தாள். வீட்டில் எத்தனை நாள் இதைப் பார்க்கக் காத்திருந்தாள். அவன் வந்துவிட்டான். பக்கத்தில்தான் இருக்கிறான். கையை நீட்டினாள், கோழி பயப்படவில்லை.

மலைக்குப் போகிற பஸ் தூரத்தில் ஹாரன் அடித்தது.

"பஸ்ஸு வருது அத்த. ஏந்திரி."

"நீ போம்மா" என்றாள் மாணிக்கம்மாள். "மாமாகிட்ட சொல்லு, அன்னைக்கு அவரு பேசலன்னு அத்தைக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு. வழியில வாயத் தொறந்தது நாந்தான்னு சொல்லு. இவன் தின்னு முடிக்கட்டும், நான் அடுத்த பஸ்ஸுக்கு வர்றேன்."